நெஞ்சில் நட்சத்திரம்

மஞ்சக்குப்பம் லேபில்
பெயரைச் சத்தமாகத்தான் கூப்பிடுகிறார்கள்.
தில்லைகோவிந்தன்!
சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள்
என் கையிலிருந்த மூடி போட்ட டப்பாவைப்
பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
ஒரு காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு,
வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தத்தில்,
முப்பத்து நாலு வயதில் ஒருத்தன்
ஆம்பளை என்று நிரூபிக்க வேண்டும்.

நாலு மில்லியன் என்று தாளில் வந்தது.
நாற்பது லட்சம் என்று மாற்றிப் பார்த்தேன்.
எங்கள் ஊர் ஓட்டுப்பட்டியலிலேயே
ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.
இவ்வளவு இருந்துமா மேடம், என்று கேட்டுவிட்டேன்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
பதினைந்தாவது இருக்கணும்.
இருக்கிறதிலும் பாதி
நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்றார்,
நைட் ஷிப்ட் முடிந்து
பஸ் வராத ஆட்களைப் போல.
கடைசி இரண்டு வரி நான் சேர்த்தது.

எட்டு வருஷம்
அஞ்சலாட்சிதான் உள்ளே போனாள்.
ஸ்கேன். சாயம் ஏற்றி எடுக்கிற படம்.
வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து.
வளைகாப்பு வீடுகளில் கடைசி வரிசை.
நான் பைக்கில் சாய்ந்து டீ குடித்தவன்.

என்ன வேலை பார்க்கிறீங்க?
சிப்காட்ல டிரம் கழுவுறது.
எத்தனை வருஷமா?
ஒன்பது.
என்ன இருந்த டிரம்?
பேரெல்லாம் தெரியாது மேடம், படம் போட்டிருக்கும்.
மண்டை ஓடு ஒன்று.
பட்ட மரத்தடியில் செத்த மீன் ஒன்று.
இன்னொன்று,
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்:
தலையும் தோளும் மட்டும் உள்ள ஆள்,
நெஞ்சில் வெடித்த நட்சத்திரம்.
ஏதோ கட்சிச் சின்னம் என்றுதான்
நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவர் அந்தப் படத்தை
ரொம்ப நேரம் பார்த்தார்.
இதுக்குப் பல அர்த்தம், என்றார்.
அதில் ஒன்று நீங்க வந்த விஷயம்.

அப்போதுதான் அஞ்சலாட்சி
பையிலிருந்து காலண்டரை எடுத்தாள்.
சிவப்பு வட்டம் அவள் நாள்.
நீல மையில் காற்று:
ராத்திரி பத்து மணி, அழுகின முட்டைக்கோஸ்.
விடியக்காலை, நகப்பாலிஷ்.
மழைக்கு முன், வாழைப்பழ எசன்ஸ், கண் எரிச்சல்.
மூன்று வருஷத்துக் காலண்டர்.
எனக்கே தெரியாது.

இதனாலதான் என்று
என்னால எழுதித் தர முடியாதும்மா.
இதனால இல்லை என்று எழுதித் தருவீங்களா?
டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

எழுபது எண்பது நாளில் புதுசு ஊறுமாம்.
மூன்று மாதம் விலகி இருந்து பார்க்கலாம்,
சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.
கான்ட்ராக்டரிடம் முதுகுவலி என்றேன்.
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறேன்,
பாதிக் கூலி. கை மரத்துப்போகிறது,
மரத்துப்போவது நல்லதா என்று
யாரிடம் கேட்பது?

என் இடத்தில் ராஜவேலுவை வைத்துவிட்டார்கள்.
போன தையில்தான் கல்யாணம்.
என் கையுறையையே கொடுத்திருக்கிறார்கள்,
வலது கட்டைவிரலில் ஓட்டை உள்ளது.
ஏன்ணே நின்னுட்ட, என்று கேட்டான்.
அவனிடமும் முதுகுவலி என்றேன்.

ஆறு மணிக்கு ஷிப்ட் விடும்.
கேட்டுக்கு எதிர் டீக்கடையில் நிற்கிறேன்.
உப்பனாற்றுப் பக்கமிருந்து
நீல மையில் எழுதவேண்டிய காற்று.
சட்டைப்பையில் ரசீது.
பேர் சொல்லித் தொடங்குவதா,
படத்தைக் காட்டித் தொடங்குவதா?
இரண்டு டீ சொல்லிவிட்டேன்,
ஆடை கட்டிக்கொண்டிருக்கிறது.